ஒவ்வொரு யூரோவையும் நூறால் பெருக்கிக்கொண்டே வாழ வேண்டுமா?

கேள்வி: என் கணவர் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் பொறியாளராக இருக்கிறார். கோவையிலிருந்து வந்து 14 மாதங்கள் ஆகின்றன. இன்னும் 22 மாதங்களில் ஊர் திரும்பிவிடுவோம். மொத்தச் சம்பளம் 5,000 யூரோ, பிடித்தம் போகக் கைக்கு வருவது 3,550. மகளுக்கு அரசு தரும் குழந்தைத் தொகை 259. வாடகையும் வெப்பச் செலவும் 1,280, மின்சாரம், இணையம், கைபேசி 130, மளிகை 420, கணவரின் மாதப் பயணச்சீட்டு 63, மழலையர் பள்ளி, இதர செலவுகள் 116. மீதி 1,800 யூரோவையும் அப்படியே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். அதில் வீட்டுக் கடன் தவணை 38,000 ரூபாய் போக, மற்றது என்ஆர்இ வைப்பில் (வெளிநாடுவாழ் இந்தியருக்கான வங்கி வைப்பு) சேர்கிறது. எதை வாங்கப் போனாலும் கணவர் ரூபாயில் கணக்குப் பார்க்கிறார். இப்போதுதான் நான்கு வயது முடிந்த மகள் ஓர் உருண்டை ஐஸ்கிரீம் கேட்டால், "இருநூறு ரூபாயா!" என்கிறார். இதுவரை நகரத்தைத் தாண்டி எங்கும் போனதில்லை. இருக்கும் நாட்களைக் கொஞ்சம் அனுபவிக்க நினைப்பது பொறுப்பில்லாத ஆசையா?

பதில்: இல்லை, சகோதரி. உங்கள் கணவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மாதம் 1,800 யூரோ மிச்சம் பிடிப்பது சாதாரணக் காரியம் அல்ல. அவருடைய கணக்கில் ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது. செலவை நூறால் பெருக்குகிறார், வரவைப் பெருக்காமல் விட்டுவிடுகிறார். இரண்டு யூரோ இருநூறு ரூபாய் என்றால், மாத வரவு 3 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய். கோவையில் மாதம் 80,000 ரூபாய் வாங்கும் ஒருவர் தன் குழந்தைக்கு 42 ரூபாயில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதும், உங்கள் கணவர் இரண்டு யூரோ கொடுப்பதும் ஒன்றுதான். அந்த 42 ரூபாய்க்குக் கோவையில் அவர் யோசித்திருக்க மாட்டார்.

என் யோசனை இது. மாதம் 250 யூரோவை வாழ்வதற்கென்று ஒதுக்குங்கள். சம்பளம் வந்த அன்றே ஊருக்கு அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டு, இந்த 250-ஐத் தனியாக வைத்துவிடுங்கள். அதை எப்படிச் செலவழித்தாலும் வீட்டில் விசாரணை கூடாது, ரூபாயில் பேசவும் கூடாது. 22 மாதங்களுக்கு 5,500 யூரோ, அதாவது ஒரு யூரோ நூறு ரூபாய் என வைத்தால் ஐந்தரை லட்சம் ரூபாய். இனி நீங்கள் மிச்சம் பிடிக்கப்போகும் 39,600 யூரோவில் இது ஏழில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டினால் பதினான்கு தவணைகள் குறையும்; மிச்சமாகும் வட்டியையும் சேர்த்தால் இன்னும் சில மாதங்கள் கூடும். நீங்கள் விட்டுக்கொடுப்பது அவ்வளவுதான். அதைச் சிறிய தொகை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நாளைக்கு இதே ஊர்களைப் பார்க்கக் கோவையிலிருந்து மூன்று பேர் விசா எடுத்து, விமானம் ஏறி, விடுதியில் தங்கினால் அந்த ஐந்தரை லட்சம் எத்தனை நாட்களுக்கு வரும் என்று அவரையே கணக்கிடச் சொல்லுங்கள்.

அவர் கணக்கில் சேர்க்காத சேமிப்பு ஒன்றும் இருக்கிறது. சம்பளச் சீட்டில் ஓய்வூதியக் காப்பீட்டுக்கான பிடித்தத்தைப் பாருங்கள். மொத்தச் சம்பளத்தில் 9.3 சதவீதம், மாதம் 465 யூரோ. ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாகச் செலுத்திவிட்டுத் தாயகம் திரும்பும் இந்தியர், அங்குள்ள கட்டாயக் காப்பீட்டிலிருந்து வெளியேறி 24 மாதங்கள் கழித்துத் தம் பங்கைத் திரும்பக் கேட்கலாம். நிறுவனம் செலுத்திய பங்கு வராது, வட்டியும் கிடையாது. ஆனாலும் 36 மாதங்களுக்கு 16,740 யூரோ ஆகிறது. அதாவது நீங்கள் 250 யூரோவைச் செலவழிக்கும் அதே மாதத்தில் உங்கள் பெயரில் 465 யூரோ சேர்ந்துகொண்டுதான் இருக்கும். கிளம்பும்போது காப்பீட்டு எண்ணையும் எல்லாச் சம்பளச் சீட்டுகளையும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். வருமான வரிக் கணக்கையும் தாக்கல் செய்யுங்கள். கட்டாயம் இல்லாதவர்கள்கூட நான்கு ஆண்டுகள் வரை பின்னோக்கித் தாக்கல் செய்து, கூடுதலாகப் பிடித்த வரியைத் திரும்பப் பெறலாம். நீங்கள் குடியேறிய ஆண்டில் இந்தியாவில் வாங்கிய சம்பளத்தையும் அதில் காட்ட வேண்டியிருக்கும். எனவே அந்த ஒரு கணக்கை மட்டும் அங்குள்ள வரி உதவிச் சங்கம் ஒன்றின் மூலம் செய்வது நல்லது.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது ஐஸ்கிரீம் அல்ல. கையில் யூரோவே இல்லாமல் இருக்கிறீர்கள்! வேலையில் ஒரு சிக்கல் வந்தாலோ, ஊரில் பெற்றோருக்கு உடல்நிலை சரியில்லாமல் மூன்று பேரும் அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலோ என்ன செய்வீர்கள்? வாடகை வீட்டைக் காலி செய்யப் பொதுவாக மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டும். முன்பணமோ, காலி செய்த பிறகும் சில மாதங்கள் கழித்தே கைக்கு வரலாம். ஆகவே அடுத்த நான்கு மாதங்களுக்குத் தவணைக்கான 380 யூரோவை மட்டும் அனுப்புங்கள். 250 போக மீதி 1,170 யூரோ அங்கேயே 'டாகெஸ்கெல்ட்' என்னும் சேமிப்புக் கணக்கில் சேரட்டும். நினைத்த நாளில் எடுக்கலாம், நான்கு மாதங்களில் 4,680 யூரோ சேர்ந்துவிடும். சிறு குழந்தை உள்ள வீட்டுக்கு, பிறர் பொருளுக்குச் சேதம் நேர்ந்தால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும் அவசியம். ஜெர்மானியர் பெரும்பாலும் எடுத்துவைத்திருப்பார்கள், அதிகச் செலவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்பதால் எங்குமே வரி இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். நீங்கள் இப்போது ஜெர்மனியில் வரி செலுத்தும் குடியிருப்பாளர்கள். உலகில் எங்கே வட்டி வந்தாலும் அது அங்கே வருமானம்தான். தம்பதிக்கு ஆண்டுக்கு 2,000 யூரோ வரை விலக்கு உண்டு. அதற்கு மேல் 25 சதவீத வரியும் அதன்மேல் கூடுதல் வரியும். இதுவரை சேர்ந்திருக்கும் ஏறத்தாழ 20 லட்சத்துக்கு வட்டி 6.5 சதவீதம் என வைத்தால் 1,300 யூரோதான், கவலையில்லை. வைப்பு 30 லட்சத்தைத் தொடும்போது வரம்பும் நெருங்கிவிடும். அந்தக் கட்டத்தில் புதிதாக வைப்பில் போடாமல், வருவதை வீட்டுக் கடனில் முன்கூட்டிக் கட்டுங்கள்.

சரி, அந்த 250 யூரோவுக்கு வருவோம். கணவருக்குப் பயணச்சீட்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுக்கு இல்லை. 14 மாதங்களாக நீங்கள் நடந்துபோகும் தூரத்துக்குள்ளேயே வாழ்ந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. முதல் 63 யூரோ உங்களுடைய 'டாய்ச்லாந்து டிக்கெட்'டுக்குப் போகட்டும். விரைவு ரயில்கள் நீங்கலாக, நாடு முழுவதும் நகரப் பேருந்து, டிராம், வட்டார ரயில் எல்லாவற்றிலும் அது செல்லும். வேண்டாம் என்றால் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தச் சீட்டு இருந்தால், சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில்கூட மகளை மரியன்பிளாட்ஸிலிருந்து பல்சக்கர ரயிலில் டேகர்லோக் மேட்டுக்கு அழைத்துப்போகலாம். 'ட்ஸாக்கே' என்று ஊரார் அழைக்கும் அந்த ரயில் தடம் 1884இல் தொடங்கியது; ஏறும் வழியெல்லாம் கீழே நகரம் விரிந்து தெரியும். மழை நாளில் மத்திய நூலகம் இருக்கிறது. 2011இல் திறந்த, உள்ளே முழுவதும் வெள்ளையான கனசதுரக் கட்டடம். உள்ளே போய் உட்கார்ந்து படிக்கக் கட்டணம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகள் மூடியிருக்கும். அதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். ஊரே பூங்காவிலும் காட்டுப் பாதையிலும் நடக்கும் நாள் அது, சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு நீங்களும் போகலாம். கோடையில் ஒருநாள் வட்டார ரயிலிலேயே ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் வரை போய், கொன்ஸ்டன்ஸ் ஏரியில் மகள் கால் நனைத்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம்.

மாதம் 70 யூரோவை ஆண்டுக்கு ஒரு நீண்ட பயணத்துக்காகச் சேர்த்து வையுங்கள். ஹம் நகரில் இலங்கைத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கே அதைப் பயன்படுத்தலாம். கோபுரமும் தேருமாக 2002இல் குடமுழுக்கு கண்ட கோயில் அது. கோவையில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சி வாய்க்காது. மீதி 117 யூரோவுக்கு நான் பட்டியல் போடப்போவதில்லை. அது உங்கள் மூவருக்குமான பணம்.

இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டும்போது பயணச்சீட்டிலிருந்தே தொடங்குங்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அந்த ரயில்களிலும் பேருந்துகளிலும் கட்டணமே கிடையாது. உங்கள் மகளுக்கு ஆறு வயது நிறைவதற்குள் நீங்கள் ஊர் திரும்பிவிடுவீர்கள்.