வெப் சீரிஸில் இசை அலறுகிறது, வசனம் கேட்கவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: இப்போது வரும் தொடர்களில் பின்னணி இசை காதைக் கிழிக்கிறது, பேசுவது எதுவும் புரிவதில்லை. இசையமைப்பாளர் செய்யும் தவறா, என் டிவியின் கோளாறா? இசை நன்றாக அமைந்த தொடர்கள் எவை?

பதில்: முதலில் ஒரு சோதனை. இரண்டு பேர் பேசிக்கொள்ளும், பின்னால் இசை ஓடும் காட்சி ஒன்றை டிவியில் பாருங்கள். அதே காட்சியை போனில் ஹெட்போன் மாட்டிக் கேளுங்கள். ஹெட்போனில் தெளிவாக இருந்தால் கோளாறு உங்கள் டிவியில், அல்லது அதன் செட்டிங்ஸில். ஹெட்போனிலும் அமுங்கியே இருந்தால் ஒலிக்கலவை செய்தவர்களைக் குறை சொல்லலாம். பெரும்பாலும் முதல் வகைதான்.

பெரிய தொடர்கள் 5.1 ஒலியில், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்ஊஃபருக்கும் தனித்தனியாக, கலக்கப்படுகின்றன. வசனம் ஏறக்குறைய முழுவதும் நடு ஸ்பீக்கருக்குப் போகும். இசை இடம், வலம், பின்பக்கம் என்று பரவி நிற்கும். டிவியில் இருப்பதோ இரண்டே ஸ்பீக்கர். அதனால் நடு ஸ்பீக்கரின் ஒலியை 3 டெசிபல் குறைத்து இரண்டு பக்கமும் பிரித்துச் சேர்க்கிறார்கள், பின்பக்க ஒலியையும் அதிலேயே கொட்டுகிறார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து ஒலிப்பதால் வசனத்தின் சத்தம் குறைவதில்லை, அதற்கென்று இருந்த தனி இடம்தான் போய்விடுகிறது. இசையும் பேச்சும் வேறு வேறு திசையிலிருந்து வந்தால் காது எளிதாகப் பிரித்துவிடும். ஒரே இடத்திலிருந்து வந்தால் திணறும்.

ஒலியளவுக் கணக்கும் ஒரு காரணம். நெட்ஃபிளிக்ஸ் கேட்பது வசனத்தின் சராசரி -27 எல்கேஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை டெசிபல் கணக்கில் அளக்கும் அலகு, 0-தான் உச்ச வரம்பு), உச்சம் -2 டெசிபலுக்குள். ஆக, வசனத்துக்கு மேலே இசையும் வெடிச்சத்தமும் ஏறுவதற்குச் சுமார் 25 டெசிபல் இடம் கிடைக்கிறது. ஐரோப்பிய டிவி ஒளிபரப்பில் நிகழ்ச்சி மொத்தத்துக்கும் சராசரி -23, அதாவது இன்னும் உரக்க. அங்கே பழகிய காதுக்கு வெப் சீரிஸின் பேச்சு தணிந்தே கேட்கும். ஒலியைக் கூட்டுவோம், அடுத்த சண்டைக் காட்சியில் இசை வந்து அறையும்.

கூட்டினாலும் பேச்சு தெளியாது என்பதுதான் இதில் கொடுமை. ச, த, ப போன்ற மெய்யொலிகளின் தெளிவு 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அடியில் ஓடும் கனத்த இரைச்சல் இசை 100 முதல் 300 ஹெர்ட்ஸில். தாழ்ந்த சுருதி ஒலி உயர்ந்த சுருதி ஒலியை மறைக்கும், சத்தம் கூடக்கூட அதிகமாக மறைக்கும். ஆகவே பேஸை, அதாவது அந்தக் கனத்த அடி ஒலியை, குறைப்பது ஒலியைக் கூட்டுவதைவிட நல்ல பலன் தரும்.

இனி செட்டிங்ஸ். ஆப்பின் ஆடியோ பட்டியலில் 5.1, ஸ்டீரியோ இரண்டும் இருந்து, உங்களிடம் இரண்டே ஸ்பீக்கர் என்றால் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். டிவியில் 'சரவுண்ட்' என்ற பெயரில் இருக்கும் போலி விரிவாக்கத்தை அணைத்துவிடுங்கள். வசனத்தைக் கரைப்பதில் அதற்கு நிகர் கிடையாது. 'கிளியர் வாய்ஸ்' போன்ற வசதி பேச்சுப் பகுதியைத் தூக்கிக் கொடுக்கும், நடு அளவோடு நிறுத்துங்கள், உச்சத்தில் வைத்தால் ஸ் ஒலி கீறும். பிரைம் வீடியோவில் 2023 முதல் சில தொடர்களுக்கு 'டயலாக் பூஸ்ட்' உண்டு, ஆடியோ மொழிப் பட்டியலுக்குள்ளேயே இருக்கும். சவுண்ட்பாரின் 'நைட் மோட்' உரத்ததை இறக்கித் தணிந்ததை ஏற்றும். வசனம் பிழைக்கும், ஆனால் இசையின் ஏற்ற இறக்கம் செத்துவிடும். இரவில் மட்டும் போடுங்கள்.

ஏவி ரிசீவர் (தனித்தனி ஸ்பீக்கர்களை இணைத்து ஓட்டும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இரண்டு இடங்களைப் பாருங்கள். நடு ஸ்பீக்கரே வாங்காமல் செட்டிங்ஸில் 'இருக்கிறது' என்று விட்டிருந்தால் வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். இசை முழுதாக, பேச்சு எங்கோ தூரத்தில் கேட்பதுதான் அடையாளம். அடுத்து ஒயர். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ், மைனஸ் மாறியிருந்தால் நடுவில் வரவேண்டிய குரல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நேர் நடுவில் உட்கார்ந்து செய்தி வாசிப்பைக் கேளுங்கள். குரல் திரைக்கு நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறி, பேஸும் மெலிந்திருந்தால் ஒரு ஸ்பீக்கரின் இரண்டு ஒயர்களை மாற்றிப் போடுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் போதவில்லையா, நடு ஸ்பீக்கரை 3 டெசிபல் ஏற்றினால் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் இசையைப் பற்றிப் பேச முடியும். வசனத்துக்கு அடியில் எப்படி நடந்துகொள்கிறது என்பதே தொடர் இசைக்கு உண்மையான பரீட்சை. 2025-இல் தொடங்கிய 'தி பிட்' அதில் முதல் வரிசை. அவசர சிகிச்சைப் பிரிவின் ஒரு ஷிப்ட், மணிக்கு ஒரு எபிசோடாக 15 எபிசோடுகள். இசை இருப்பதே தெரியாது. மானிட்டரின் பீப், ஸ்ட்ரெச்சர் சக்கரம், குறுக்கே ஓடும் பேச்சு, இவையே பதற்றத்தைக் கட்டுகின்றன. அழவேண்டிய இடத்தில் வயலின் வந்து சொல்லிக்கொடுக்காததால்தான் அங்கே அழுகை வருகிறது.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' வேறு வழி. குஸ்தாவோ சாந்தாவோலாயாவின் கம்பி வாத்தியங்களில் ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே காற்று இருக்கிறது, வசனம் அந்த இடைவெளியில் உட்கார்ந்துகொள்ளும். 'செர்னோபில்' (2019) கொஞ்சம் பழையது, ஆனாலும் விட முடியாது. ஹில்டுர் குட்னடோட்டிர் லிதுவேனியாவில் மூடப்பட்ட ஓர் அணுமின் நிலையத்துக்குள் போய்ப் பதிவுசெய்த ஒலிகளிலிருந்து அந்த இசையைக் கட்டினார். கனத்த ஒலிதான், ஆனால் யாரும் பேசாத இடம் பார்த்து வருகிறது. 'செவரன்ஸ்' தொடரில் தியோடர் ஷபிரோ சில பியானோ கார்டுகளைத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார். அலுவலகத்தின் முடிவில்லாத வராந்தாவுக்கு அந்தச் சுற்றல் அப்படியே பொருந்துகிறது.

பொறுக்க முடியாதது, வசனத்துக்கு அடியில் பாட்டு ஓடவிடுவது. பார்ப்பவருக்குப் புரியும் மொழியில் பாட்டு இருந்தால் இன்னும் மோசம், காது இரண்டு பேச்சையும் துரத்தும். மனிதக் குரலுக்கு உரிய இடம் டைட்டில் இசை. 'தி ஒயிட் லோட்டஸ்' முதல் இரண்டு சீசன்களில் கிறிஸ்டோபல் தபியா டி வீர் அங்கேதான் அந்தக் குலவைக் குரல்களை வைத்தார். 2025-இல் வந்த மூன்றாவது சீசனின் டைட்டிலில் அவை இல்லாமல் போனதும் ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்தது நியாயம். அந்தக் குலவைக்காகவே டைட்டிலைத் தாண்டாமல் பார்த்தவர்கள் அவர்கள்.