வெள்ளையில் டைட்டானியமா? கொஞ்சம் பொறுங்கள்

1880-இல் வரைந்தது என்று சொல்லி வாங்கிய எண்ணெய் ஓவியத்தில், எக்ஸ்ரே ஒளிர்வுச் சோதனை (எக்ஸ்ரே பாய்ச்சி, நிறத்தில் என்னென்ன தனிமங்கள் என்று பார்ப்பது) டைட்டானியம் காட்டுகிறது, போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயம்தான். டைட்டானியம் வெள்ளை ஓவியர் கைக்கு வந்ததே 1920 வாக்கில். ஜெர்மனியின் போலி ஓவியர் பெல்ட்ராக்கி மாட்டியதும் இதில்தான்: 1914 என்று தேதி போட்ட படத்தில், அவர் துத்தநாக வெள்ளை என்று நம்பி வாங்கிய ட்யூபுக்குள் டைட்டானியமும் கலந்திருந்தது.

ஆனால் கருவியை எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள்? அதை முதலில் கேளுங்கள். பிற்காலத்தில் யாராவது நிறம் உதிர்ந்த இடத்தைப் பூசிச் சரிசெய்திருந்தாலும் டைட்டானியம் வரும். இருட்டறையில் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் என்றால் பச்சையாக மினுங்கும். அதற்கு மேல் பூசிய இடங்கள் கருந்திட்டாகத் தெரியும். காவி போன்ற மண் நிறங்களிலும் கொஞ்சம் டைட்டானியம் இயல்பாகவே இருக்கும்.

அதனால் திட்டுகளுக்கு வெளியே, சுத்த வெள்ளையில், மூன்று நான்கு இடங்களில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அங்கே பழைய வெள்ளைகளில் இருக்கும் ஈயமோ துத்தநாகமோ மட்டும் வந்தால் பாதி நிம்மதி. பாதிதான், ஏனென்றால் ஈய வெள்ளையை 1920-க்குப் பிறகும் பூசினார்கள். எல்லா இடத்திலும் டைட்டானியம் என்றால், சரி, ரசீதைத் தேடி எடுங்கள்.