கேஷுவல் வேலையா, பார்ட் டைமா?

தம்பி, மெல்பர்னில் ஒரே கடையில் பார்ட் டைம், கேஷுவல் இரண்டும் காலியாக இருக்கிறது, கேஷுவலுக்கு மணிக்கூலி அதிகம், அதையே எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்தச் சம்பளத்தை நம்பித்தான் வாடகை கட்டப் போகிறீர்கள் என்றால் பார்ட் டைமை எடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் கேஷுவல் என்றால் தொடர்ந்து வேலை தருவதாக முதலாளி எந்த உறுதியும் தரவில்லை என்று அர்த்தம். அடுத்த வாரம் எத்தனை மணி நேரம் என்பது ரோஸ்டர், அதாவது வேலை நேரப் பட்டியல், வந்தால்தான் தெரியும். சம்பளத்தோடு ஆண்டு விடுப்பும் கிடையாது, உடம்பு சரியில்லை என்றால் எடுக்கும் விடுப்பும் கிடையாது. இதற்கெல்லாம் ஈடாகத்தான் அடிப்படைக் கூலிக்கு மேல் 25 சதவீதம் சேர்த்துத் தருகிறார்கள். லோடிங் என்பார்கள். 2025 ஜூலையில் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர் ஆனது. கேஷுவலுக்கு அதுவே 31.19. கடை வேலைக்கு அவார்டுபடி, அதாவது அந்தத் தொழிலுக்கென வகுத்த சம்பள விதிப்படி, இதைவிடக் கூடுதலாகவே வரும். அந்த ஆறு டாலர் சொச்சத்தைப் பார்த்துத்தான் புதிதாக வரும் பிள்ளைகள் மயங்குகிறார்கள். காய்ச்சலில் ஒரு வாரம் படுத்தாலும், பரீட்சைக்கு லீவு போட்டாலும், ஊருக்குப் போனாலும் அந்தப் பணத்தில்தான் சமாளிக்க வேண்டும். பார்ட் டைமில் நீங்கள் வேலை செய்யும் நேரத்துக்கு ஏற்றபடி ஆண்டுக்கு நான்கு வார விடுப்பு சேர்ந்துகொண்டே வரும்.

உங்களுடையது மாணவர் விசா, அதனால் இன்னொன்று. வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. கடையில் கூட்டம் என்று திடீரெனக் கூப்பிடுவார்கள். கேஷுவலில் இருப்பவர் அந்த ஷிஃப்ட் வேண்டாம் என்று சொல்லலாம். தயங்காமல் சொல்லுங்கள், விசாதான் முக்கியம்.

சரி, கேஷுவல்தான் கிடைக்கிறது என்றால்? ஏற்றுக்கொள்ளுங்கள். ஆனால் “கேஷுவலுக்கு சூப்பர் கிடையாது” என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். சூப்பர் என்றால் ஓய்வுக்காலத்துக்கென முதலாளி கட்டும் சேமிப்பு. 18 வயது தாண்டிய உங்களுக்குச் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் அவர் கட்டியே ஆக வேண்டும். வேலையில் அடிபட்டால் இழப்பீடும் உண்டு. ஆறு மாதம் ஆனபின், உண்மையில் வாராவாரம் நிலையாகத்தான் வேலை செய்கிறீர்கள் என்றால், பர்மனென்டாக மாற்றும்படி எழுத்தில் கேட்கலாம். 15 பேருக்குக் குறைவான சிறு கடையில் அதற்கு ஒரு வருடம் ஆக வேண்டும். பேஸ்லிப்பை ஒவ்வொரு முறையும் வாங்கி வையுங்கள். கணக்கு இடித்தால், வேலை உரிமைகளைப் பார்க்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மனை 13 13 94 எண்ணில் கூப்பிடுங்கள். ஆங்கிலத்தில் பேசக் கூச்சமாக இருந்தால் முதலில் அரசு மொழிபெயர்ப்புச் சேவையின் 131 450 எண்ணுக்குப் போட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், அவர்களே இணைத்துவிடுவார்கள்.