லான்சரோட்டே: எரிமலை, குகை, கடல் – கேள்வி பதில்

ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கி.மீ. தள்ளி, அட்லாண்டிக்கில் இருக்கிறது ஸ்பெயினின் லான்சரோட்டே தீவு. கனேரித் தீவுகளில் இதுதான் மிக வறண்ட தீவுகளுள் ஒன்று. நீளவாக்கில் 60 கி.மீ. இருந்தாலே அதிகம். அதனால் காலையில் எரிமலை விளிம்பு, மாலையில் கடற்கரை என்று ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலரும் திட்டம் போடுகிறார்கள். தூரம் ஒரு பிரச்சினையே இல்லை. தரையையும் காற்றையும் கணக்கில் எடுக்காததுதான் பிரச்சினை.

டிமான்ஃபாயா தேசியப் பூங்காவுக்குள் நாங்களாகவே நடந்து சுற்ற முடியுமா?

முடியாது. 1730 செப்டம்பரில் தொடங்கி 1736 ஏப்ரல் வரை வெடித்த எரிமலைகளின் நடுப்பகுதி அது. உங்கள் காரை உள்ளே ஒரு வாகன நிறுத்தம் வரை கொண்டுபோகலாம். அங்கிருந்து பூங்காவின் பேருந்துதான். சுமார் 14 கி.மீ. சுற்றிவிட்டு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆனதும் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். வழியில் இறங்க அனுமதி இல்லை. முற்பகல் 11 மணியிலிருந்து பிற்பகல் வரை கார் வரிசை சாலை வரைக்கும் நீளும். வாசல் திறக்கும் நேரத்துக்குப் போங்கள், அல்லது மதியம் 3 மணிக்குப் பிறகு போங்கள்.

கட்டுப்பாட்டுக்குக் காரணம் இருக்கிறது. கிட்டத்தட்ட 300 ஆண்டுகள் ஆகியும் அங்கே பெரும்பகுதியில் பாறைப்பாசியைத் தவிர எதுவும் முளைக்கவில்லை. மழை அவ்வளவு குறைவு. ஒருவர் மிதித்த தடம் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும்.

உள்ளே நடந்தே ஆகவேண்டும் என்றால், பூங்கா வழிகாட்டி சிறு குழுவாக அழைத்துப்போகும் ட்ரெமெசானா நடை இருக்கிறது. கட்டணம் இல்லை, முன்பதிவு கட்டாயம். இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால் விமான டிக்கெட் எடுத்த கையோடு தேதியைப் பாருங்கள்.

கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். பூங்காவை ஒட்டியுள்ள லோஸ் வோல்கானெஸ் இயற்கைப் பூங்காவில் குறியிட்ட பாதைகளில் நீங்களே நடக்கலாம். நடைக்கு அதுவே மேல் என்பது எங்கள் கருத்து. மொண்டான்யா டெல் குவேர்வோவில் எரிமலையின் ஒரு பக்கச் சுவர் உடைந்து கிடக்கிறது. அந்த வாசல் வழியாக ஏறாமலேயே எரிமலை வாய்க்குள் போய் நிற்கலாம். குழந்தைகளோடு வருபவர்களுக்கு இது போதும்.

கால்டேரா பிளாங்கா எரிமலையில் ஏற எவ்வளவு நேரம்? கடினமா?

போய்வர சுமார் 10 கி.மீ., நிதானமாக நடந்தால் 4 மணி நேரம். மாஞ்சா பிளாங்கா ஊரை அடுத்த மண்சாலையின் முடிவில் பாதை தொடங்குகிறது. முதல் பகுதி முழுக்க உறைந்த லாவா. சமதளம்தான், ஆனால் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைக்க வேண்டும். அடுத்து கால்டெரெட்டா என்ற சிறிய எரிமலை. அதைத் தாண்டினால் பெரியதன் அடிவாரம். அங்கிருந்து விளிம்புக்கு ஏறும் பகுதிதான் மூச்சு வாங்கும். உச்சி 458 மீட்டர். எரிமலை வாயின் குறுக்களவு ஒரு கிலோமீட்டருக்கு மேல்.

பலர் சிக்கிக்கொள்வது விளிம்பில்தான். கீழே இதமாக வீசும் காற்று மேலே ஆளைத் தள்ளும். விளிம்பைத் தொட்டதும் 5 நிமிடம் நின்று பாருங்கள். நேராக நிற்கக் காலை அகட்டி ஊன்ற வேண்டியிருந்தால், வட்டம் முழுவதும் சுற்றும் எண்ணத்தை விட்டுவிட்டு வந்த வழியே இறங்குங்கள். வழியில் நிழலும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மணிக்கு அரை லிட்டர் கணக்கில், கையிருப்போடு சேர்த்து தலைக்கு 3 லிட்டர்.

இதைவிடக் கடினமான நடை ஒன்று சொல்லுங்கள்.

யே கிராமத்திலிருந்து ஃபமாரா செங்குத்துப் பாறையில் இறங்கும் கிரசியோசெரோஸ் பாதை. 400 மீட்டருக்கும் அதிகமான இறக்கம், வளைந்து வளைந்து போகும். கீழே ஆளில்லாத கடற்கரையும் பழைய உப்பளமும். திரும்ப ஒரே வழி, இறங்கிய அதே வழி. பாறை வடமேற்கைப் பார்த்திருப்பதால் காலையில் நிழல், பிற்பகலில் நேர் வெயில். விடிந்ததும் இறங்கி, நண்பகலுக்குள் மேலே வந்துவிடுங்கள். நீந்திக் களைத்த காலோடு வெயிலில் ஏறுபவர்கள்தான் தவித்துப்போகிறார்கள்.

சாதாரண ஓட்டப்பயிற்சி ஷூ போதாதா?

ஊருக்குள்ளும் கடற்கரை நடைபாதையிலும் போதும். மலையில் போதாது. இங்கே தரை இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று, கரடுமுரடாக உறைந்த லாவா. அதன் முனைகள் உடைந்த கண்ணாடி மாதிரி. மென்மையான ஃபோம் அடிப்பாகத்தை ஓரிரு நாளில் கீறிப் பிய்த்துவிடும். இன்னொன்று, பிகோன் என்று அங்கே சொல்லும் கறுப்பு எரிமலைச் சரளை. ஏறும்போது இரண்டடி வைத்தால் ஓரடி வழுக்கும். இறங்கும்போது குவியலாக ஷூவுக்குள் போகும்.

கடினமான, ஆழமான பள்ளங்கள் உள்ள அடிப்பாகமும், முன்விரலை மூடும் ரப்பர் காப்பும் உள்ள நடை ஷூ எடுங்கள். கணுக்காலை மூடும் துணி உறை ஒரு ஜோடி இருந்தால் அரை மணிக்கு ஒருமுறை ஷூவைக் கழற்றி உதற வேண்டாம். பல ஆண்டுகள் அலமாரியில் கிடந்த ஷூ என்றால், கிளம்பும் முன் முன்பக்கத்தை நன்றாக வளைத்து, அடிப்பாகம் ஓரத்தில் வாய் திறக்கிறதா என்று பாருங்கள். அதிகம் போடாத ஷூதான் இப்படி நடுவழியில் கழன்று வரும். உள்ளே இருக்கும் பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தில் மெதுவாக உளுத்துப்போவதே காரணம்.

கைத்தடி வைத்திருப்பவர்கள் லாவாப் பகுதியில் மணிக்கட்டுப் பட்டைக்குள் கையை நுழைக்க வேண்டாம். தடியின் முனை பாறை இடுக்கில் மாட்டினால் ஆளையும் சேர்த்து இழுத்துவிடும். மெல்லிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். லாவாவில் விழுபவர்கள் ஊன்றுவது உள்ளங்கையைத்தான். தோல் உரிந்து துகள் பதிந்துவிட்டால் துணியால் தேய்க்காதீர்கள். குடிநீரை ஊற்றிக் கழுவி, மிச்சத்தைச் சிறு இடுக்கியால் எடுத்த பிறகே கட்டுப் போடுங்கள்.

முழங்கால் வலி உள்ள 70 வயது அம்மாவையும் 6 வயது மகனையும் லாவா குகைக்கு அழைத்துப்போகலாமா?

மகனுக்குக் கொண்டாட்டம். அம்மாவுக்கு யோசிக்க வேண்டும். குவேவா டி லோஸ் வெர்டெஸில் வழிகாட்டியோடு சுமார் 1 கி.மீ. நடை, ஏறக்குறைய 50 நிமிடம். வெப்பநிலை எப்போதும் 19 டிகிரி அளவில் இருக்கும், மூச்சு முட்டாது. ஆனால் சமமற்ற படிகளும், முதுகை நன்றாக வளைத்துப் போகவேண்டிய தாழ்ந்த இடங்களும் உண்டு. பாதியில் திரும்பி வருவதும் சுலபமல்ல. குழந்தைத் தள்ளுவண்டிக்கு வழியே இல்லை. குகையின் கடைசியில் ஒரு வியப்பு இருக்கிறது, முன்கூட்டியே தேடிப் படித்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அருகிலுள்ள ஹமேயோஸ் டெல் அகுவாவிலும் படிகள் உண்டு, ஆனால் உங்கள் வேகத்தில் இறங்கலாம், உட்காரலாம். இரண்டும் ஒரே குழாயின் பகுதிகள். லா கொரோனா எரிமலை சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்தபோது, ஓடிய லாவாவின் மேற்பரப்பு ஆறி ஓடாகிவிட்டது. உள்ளே ஓட்டம் நிற்கவில்லை. வரத்து நின்றதும் உள்ளிருந்தது வடிந்து வெற்றுக் குழாய் மிஞ்சியது. அப்போது கடல்மட்டம் இன்றைவிட வெகு கீழே இருந்ததால், அந்தக் குழாய் இன்றைய கடலடியிலும் சுமார் 1.5 கி.மீ. போகிறது.

ஹமேயோஸ் குளத்தின் அடியில் அரிசி இறைத்தது போலத் தெரியும் வெள்ளைப் புள்ளிகள், கண்பார்வையற்ற சிறு நண்டினங்கள். நேர்ந்துகொண்டு காசு போடும் பழக்கம் அங்கே வேண்டாம். நாணயம் அரிக்கும்போது கரையும் உலோகம் அவற்றைக் கொல்லும். தடைப் பலகையும் இருக்கிறது.

விளக்கு போடாத குகைகளுக்கு நாங்களே போகலாமா?

அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் வேண்டாம். கூரையிலிருந்து கல் விழும், உள்ளே கைபேசி அலை கிடைக்காது. வழிகாட்டியோடு போனாலும் தலைக்கவசம், தலைவிளக்கு, தனியாக இன்னொரு விளக்கு, மாற்று பேட்டரி ஆகியவை ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். கைபேசி விளக்கைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கூரையில் சொட்டு சொட்டாக உறைந்து நிற்கும் லாவா முனைகளைத் தொடாதீர்கள். சுண்ணாம்புக் குகையில் உள்ளவை மெதுவாக வளரும், இவை மீண்டும் வளராது.

எந்த மாதம் போகலாம்? சைக்கிள் ஓட்டும் எண்ணமும் உண்டு.

வசந்த காலம், இல்லையென்றால் அக்டோபர், நவம்பர். ஜூலை, ஆகஸ்டில் வடகிழக்கு வாணிகக் காற்று உச்சத்தில் இருக்கும். பாய் கட்டிய சறுக்குப் பலகையோடு (விண்ட்சர்ஃபிங்) வருபவர்களுக்குப் பிடிக்கும், சைக்கிள்காரர்களுக்குச் சோதனை. காலையில் காற்றை எதிர்த்து வடக்கே போய், களைத்த பிறகு முதுகில் காற்றோடு திரும்புவது போல வழியை அமையுங்கள். மாற்றிச் செய்தால் கடைசி 20 கி.மீ. அழவைக்கும்.

சஹாராத் தூசியைக் கொண்டுவரும் கலிமா வீசினால் தூரத்து மலைகள் பழுப்பாக மறையும், வெப்பமும் ஏறும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று ஏற்றத்தைத் தள்ளிப்போடட்டும்.

எல் கோல்ஃபோ பச்சை ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. மேலே உள்ள பார்வையிடத்திலிருந்து பாருங்கள்.

பிறகு எங்கே குளிப்பது? பாறைக் குளங்கள் பாதுகாப்பானவையா?

நீந்த பாப்பகாயோவின் சிறு வளைகுடாக்கள். தெற்கில் காற்றுக்கு மறைவாக இருக்கின்றன. ஃபமாரா அழகானது, ஆனால் உள்ளிழுக்கும் நீரோட்டம் பலமானது. கொடியின் நிறத்தைப் பார்த்தே இறங்குங்கள். இழுத்தால் கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி விலகுங்கள்.

பிளாயா பிளாங்காவுக்கு மேற்கே உள்ள லோஸ் சார்க்கோனெஸ் பாறைக் குளங்கள் திறந்த கடலைப் பார்த்தவை. நீர் வடியும் நேரத்தில் போய், ஏறத் தொடங்கும் முன் வெளியே வந்துவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் 2 மீட்டரைத் தாண்டும். இறங்கும் முன் கால் மணி நேரமாவது அலையைக் கவனியுங்கள். பெரிய அலைகள் கூட்டமாக, இடைவெளி விட்டு வரும். பத்து நிமிட அமைதியைப் பார்த்து ஏமாந்தவர்களைத்தான் கடல் இழுக்கிறது. பாறை உங்களுக்குப் பின்னாலும் ஈரமாக, கறுத்து இருந்தால் அலை அதுவரை வந்திருக்கிறது என்று பொருள். கடல்முள்ளிகள் இருப்பதால் வெறுங்காலோடு இறங்காதீர்கள்.

காலையில் ஸ்கூபா, மாலையில் மலை. சரிதானே?

வரிசையை மாற்றுங்கள். ஆழ்நீச்சலுக்குப் பிறகு உடலில் மிஞ்சியிருக்கும் நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். கடும் உழைப்பு அது குமிழாவதைத் தூண்டும், உயரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். முதல் நாள் மலை, மறுநாள் கடல் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானத்துக்கு முன் ஒரே ஒரு முழுக்கு என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம். கடைசி நாளில் ஆழ்நீச்சல் வேண்டாம்.

லா கிரசியோசாவுக்கு ஒரு நாள் போதுமா?

போதும். ஓர்சோலாவிலிருந்து படகில் அரை மணி நேரம். தார்ச்சாலை இல்லாத தீவு, துறைமுகத்திலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். அகன்ற டயர் உள்ளதைக் கேட்டு வாங்கி, மணல் பகுதிகளுக்காக டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். பிளாயா டி லாஸ் கொஞ்சாஸ் கரையில் உட்காருங்கள், நீந்தாதீர்கள்.

நினைவாக ஒரு கல் எடுத்துவரலாமா?

கூடாது. மணலும் சேர்த்துத்தான். அபராதம் உண்டு.

இந்திய உரிமத்தோடு கார் ஓட்டலாமா?

சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் சேர்த்துக் கொண்டுபோனால் ஓட்டலாம். வாடகை ஒப்பந்தத்தில் மண்சாலைக்குக் காப்பீடு உண்டா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. பாப்பகாயோவுக்கும் கால்டேரா பிளாங்காவுக்கும் மண்சாலைதான். நிறுத்தும்போது காரின் முகம் காற்றைப் பார்த்திருக்கட்டும். காற்று பின்னாலிருந்து வந்தால், திறந்த கதவைப் பிடுங்கி முன்பக்கம் மடக்கிக் கீலை வளைத்துவிடும். அந்தச் சேதத்தையும் பல காப்பீடுகள் ஏற்பதில்லை.