டாக்ஸ் கிரெடிட்டை விட்டு யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இப்போதே மாறலாமா?

(டாக்ஸ் கிரெடிட் என்பது பிரித்தானியாவில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தந்த பழைய உதவிப் பணம். யூனிவர்சல் கிரெடிட் அதற்கும் வேறு சில உதவிகளுக்கும் பதிலாக வந்த ஒரே மாத உதவி. டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. கீழே உள்ளது 2024இல் வந்த கேள்வியும் பதிலும், தொகைகளும் அந்த ஆண்டுக்குரியவை.)

கேள்வி (2024 ஜூன்):

வணக்கம் அக்கா. நாங்கள் லண்டன் ஹரோவில் இருக்கிறோம். கணவர் ஒரு வேர்ஹவுஸில் கிழமைக்கு 37½ மணித்தியாலம் வேலை செய்கிறார். மணிக்கு 11.44 பவுண், நாலு கிழமைக்கு ஒருமுறை சம்பளம். நான் வேலைக்குப் போவதில்லை. 2011இலும் 2015இலும் பிறந்த இரண்டு பெண் பிள்ளைகள். முன்பு வாங்கிய சின்ன பிளாட்டுக்கு மோர்ட்கேஜ் கட்டுகிறோம். டாக்ஸ் கிரெடிட் மாதக் கணக்கில் பார்த்தால் சுமார் 627 பவுண் வருகிறது. வங்கியில் 12,000 பவுண் சேர்த்து வைத்திருக்கிறோம். ஆவணியில் சீட்டு எடுத்தால் இன்னும் 10,000 வரும், அது மூத்தவளின் சாமத்திய வீட்டுக்கென்று (பூப்புனித நீராட்டு விழாவுக்கென்று) நினைத்தது. சாவகச்சேரியில் சீதனமாகத் தந்த வீடு என் பெயரில் இருக்கிறது, 74 வயது அம்மா அங்கேதான் இருக்கிறா. பக்கத்து வீட்டு அக்கா யூனிவர்சல் கிரெடிட்டுக்கு மாறி மாதம் 200 பவுண் கூட எடுக்கிறாவாம். "உனக்கும் போனிலேயே போட்டுத் தாறேன், பத்து நிமிஷ வேலை" என்கிறா. மாறலாமா?

பதில்:

தங்கச்சி, இன்றைக்கு அந்தப் போனில் எதையும் போட வேண்டாம். அரசாங்கத்திடமிருந்து கடிதம் வரும்வரை பொறுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

முதலில் பக்கத்து வீட்டு அக்காவின் கதை. அவ வாடகை வீட்டில் இருக்கிறா என்றால் அவவுக்குக் கூடக் கிடைப்பது நம்பக்கூடியதுதான். பழைய முறையில் டாக்ஸ் கிரெடிட்டும் வாடகைக்கான ஹவுசிங் பெனிஃபிட்டும் தனித்தனியாக வெட்டும். வருமானம் ஒரு பவுண் கூடினால் டாக்ஸ் கிரெடிட்டில் 41 பென்ஸ் போகும், மிச்சத்தில் ஹவுசிங் பெனிஃபிட் 65 வீதத்தைக் குறைக்கும். யூனிவர்சல் கிரெடிட்டில் எல்லாவற்றுக்கும் சேர்த்து கைக்கு வரும் சம்பளத்தில் ஒரே ஒரு 55 வீத வெட்டு. அதனால் வாடகை கட்டும், வேலை செய்யும் குடும்பங்கள் பலவற்றுக்கு மாறுவது லாபம். உங்களுக்கு வாடகை இல்லை, மோர்ட்கேஜ். மோர்ட்கேஜுக்கு யூனிவர்சல் கிரெடிட் காசு தராது. வட்டிக்கு உதவி உண்டு, ஆனால் அது வீட்டின் மேல் எழுதப்படும் கடன். அவவுடைய கணக்கு உங்களுடைய கணக்கு ஆகாது.

உங்கள் கணக்கைப் பார்ப்போம். 2024-25 நிதியாண்டில் யூனிவர்சல் கிரெடிட்டில் தம்பதிக்கு அடிப்படைத் தொகை மாதம் 617.60. மூத்த பிள்ளைக்கு 333.33, இளையவளுக்கு 287.92. இருவரும் 2017 ஏப்ரலுக்கு முன் பிறந்தவர்கள், எனவே மூத்தவளுக்கு அந்தக் கூடிய தொகை கிடைக்கும். மொத்தம் 1,238.85 பவுண். கணவரின் சம்பளத்தை ஆண்டுச் சராசரியாக மாதத்துக்குப் பிரித்தால், வரியும் தேசியக் காப்புறுதியும் போய்க் கையில் சுமார் 1,630 வரும். வாடகைப் பகுதி இல்லாத, பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு முதல் 673 பவுணைத் தொடமாட்டார்கள். மீதியில் 55 வீதம், அதாவது சுமார் 527 பவுணைக் கழித்தால் உங்களுக்கு வருவது சுமார் 711.

இதைப் பார்த்தால் மாதம் 85 பவுண் லாபம்தானே என்று தோன்றும். சேமிப்பே இல்லையென்றால் சரி. ஆனால் டாக்ஸ் கிரெடிட் உங்கள் வங்கிக் கணக்கில் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்பதில்லை, யூனிவர்சல் கிரெடிட் கேட்கும். 6,000 பவுணுக்கு மேல் உள்ள ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வெட்டுவார்கள். உங்கள் 12,000க்கு அது 104 பவுண். அப்போது கையில் சுமார் 607, இன்றைக்கு எடுப்பதைவிட 20 குறைவு.

பிறகு ஆவணியில் சீட்டு எடுக்கிறீர்கள். 12,000 உம் 10,000 உம் சேர்ந்து 22,000. சேமிப்பு 16,000க்கு மேல் போனால் யூனிவர்சல் கிரெடிட் ஒரு பென்ஸும் இல்லை. அப்போது "சரி, பழையபடி டாக்ஸ் கிரெடிட்டுக்கே போகிறேன்" என்று சொல்ல முடியாது. யூனிவர்சல் கிரெடிட்டுக்கு விண்ணப்பம் போட்டதுமே டாக்ஸ் கிரெடிட் மூடிவிடும். சேமிப்பு கூட என்று விண்ணப்பத்தைத் தள்ளினாலும் அது திரும்பத் திறக்காது. போன வருடம் ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. நண்பர் வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருந்து, ஒரு இரவில் போனில் போட்டுவிட்டார்கள். வீட்டுத் திருத்தத்துக்கு வைத்திருந்த காசால் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, டாக்ஸ் கிரெடிட்டும் நின்றது. இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு "எதை அப்பீல் பண்ணுவது அக்கா?" என்று கேட்டார்கள். எதையுமே பண்ண முடியவில்லை. அதனால்தான் உங்கள் கேள்வியைக் கண்டதும் எனக்குப் பதறியது.

சரி, கடிதத்துக்குக் காத்திருந்தால் என்ன வித்தியாசம்? டாக்ஸ் கிரெடிட் முழுவதும் 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிகிறது. அதற்கு முன் உங்களுக்கு மைக்ரேஷன் நோட்டீஸ் என்ற கடிதம் வரும். மூன்று மாத அவகாசத்தோடு ஒரு கடைசித் திகதி அதில் இருக்கும். அந்தக் கடிதத்தின் பேரில் மாறுகிறவர்களுக்கு இரண்டு பாதுகாப்புகள் உண்டு. தானாகப் போய் மாறுகிறவர்களுக்கு இரண்டுமே இல்லை. ஒன்று, புதிய தொகை பழையதைவிடக் குறைந்தால் அந்த இடைவெளியை நிரப்பித் தருவார்கள். கூடினால் கூடியதே கிடைக்கும். இரண்டாவது, மாறும் நாளில் சேமிப்பு 16,000க்கு மேல் இருந்தால், அந்த மேல்மிச்சத்தை 12 மாதங்களுக்குக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

அந்த "மாறும் நாளில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். கடிதம் ஆடியில் வருகிறது, நீங்கள் 12,000 பவுணோடு உடனே விண்ணப்பிக்கிறீர்கள், ஆவணியில் சீட்டுக் காசு வங்கியில் விழுகிறது என்று வைப்போம். மாறும் நாளில் 16,000க்குக் கீழே இருந்ததால் 12 மாதச் சலுகை உங்களுக்கு இல்லை. 22,000 என்று கண்டதும் உதவி நிற்கும். ஆகவே சீட்டு எடுக்கும் மாதம் எது, கடிதத்தின் கடைசித் திகதி எது என்று இரண்டையும் பக்கத்தில் எழுதி வைத்துப் பார்த்துத்தான் விண்ணப்ப நாளைத் தெரிவு செய்ய வேண்டும். அந்த மூன்று மாதத்துக்குள் எந்த நாளில் போடுவது என்பது உங்கள் உரிமை. சீட்டுக்கு இதுவரை கட்டிய காசையும் உங்கள் காசாகவே அவர்கள் பார்க்கலாம், அதை ஒளிக்க வேண்டாம். சீட்டை முதலே எடுத்துவிட்டு இனி மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தாலும், அந்தப் பாக்கியை வங்கியில் உள்ள காசிலிருந்து கழித்துக்கொள்ள விடமாட்டார்கள்.

"அப்ப காசைத் தம்பியின் கணக்கில் போட்டுவிடலாமா?" என்று பலர் கேட்கிறார்கள். கூடாது. உதவி எடுப்பதற்காகக் கைமாற்றிய காசு உங்களிடமே இருப்பதாகக் கணக்கிட்டு வெட்டுவார்கள், வங்கிக் கணக்குகளின் பழைய ஸ்டேட்மென்ட் கேட்பார்கள். ஆனால் கடனை அடைப்பதற்குச் சட்டத்திலேயே இடமுண்டு. மோர்ட்கேஜும் கடன்தான். மேலதிகக் காசில் ஒரு பகுதியை மோர்ட்கேஜின் அசல் தொகைக்குக் கட்டினால் சேமிப்பும் குறையும், வங்கிக்குக் கட்டும் வட்டியும் குறையும். இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் 2024 ஜூனில் 5.25 வீதத்தில் நிற்கும்போது இது சும்மா கிடக்கும் காசுக்கு நல்ல வேலை. நிலையான வட்டி ஒப்பந்தம் என்றால் வருடத்துக்கு எவ்வளவு அபராதமின்றிக் கட்டலாம் என்று வங்கியிடம் முதலில் கேளுங்கள். மூன்று மாதச் செலவுக்கான காசை மட்டும் கையில் வைத்திருங்கள், அதற்குக் கீழே போக வேண்டாம்.

சாமத்திய வீட்டை நிறுத்துங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அது உங்கள் பிள்ளைக்கு வரும் ஒரே ஒரு நாள். ஆனால் உங்கள் வருமானத்துக்குப் பொருந்துகிற செலவாக இருக்கட்டும். ஹோல், சாப்பாடு, புடவை, படம் எடுத்தவர் என்று ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்கி ஒரே உறையில் போட்டு வையுங்கள். காசு எங்கே போனது என்று கேட்டால் அந்த உறைதான் பேசும்.

சாவகச்சேரி வீட்டுக்கு வருகிறேன். வெளிநாட்டில் உள்ள சொத்தும் சேமிப்பாகத்தான் கணக்கிடப்படும், இது பலருக்குத் தெரியாது. ஆனால் பென்ஷன் வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் அதைத் தன் வீடாகக் கொண்டு வாழ்ந்தால் அந்த வீட்டைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அம்மாவுக்கு 74, ஆகவே நீங்கள் பயப்பட வேண்டாம். விண்ணப்பத்தில் வீட்டைக் காட்டுங்கள், அம்மா அங்கே இருக்கிறா என்று சொல்லுங்கள். உறுதியின் பிரதி ஒன்றும், கிராம சேவகரிடமிருந்து அம்மாவின் வதிவிடச் சான்றிதழும் இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். வெறும் காணி வேறு எங்கும் உங்கள் பெயரில் இருந்தால் அதற்கு இந்த விலக்கு இல்லை, எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மாறிய பிறகு வரும் சிரமங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்களைக் கட்டாயம் பிடிக்கும். யூனிவர்சல் கிரெடிட் மாதக் கணக்கில் ஓடும், உங்கள் கணவருக்குச் சம்பளம் நாலு கிழமைக்கு ஒருமுறை. வருடத்துக்குப் பதின்மூன்று சம்பளம். அதனால் வருடத்தில் ஒரு மாதத்துக்குள் இரண்டு சம்பளம் விழும். கையில் சுமார் 1,506 வீதம் இரண்டு, மொத்தம் 3,012. அந்த மாதம் வெட்டே 1,286 வரும், உங்கள் மொத்த உரிமை 1,238 தான். யூனிவர்சல் கிரெடிட் அந்த மாதம் பூச்சியம். பயந்துபோய் விட்டுவிடாதீர்கள். ஒன்லைன் கணக்கைப் பார்த்து, கோரிக்கை மூடியிருந்தால் உடனே மறுபடி திறந்துவிடுங்கள். மற்றப் பதினொரு மாதமும் கொஞ்சம் கூடுதலாக வரும், அதில் ஒதுக்கி அந்த மாதத்துக்கு வைத்தால் சமாளிக்கலாம்.

முதல் பணம் வர ஐந்து கிழமை எடுக்கும். டாக்ஸ் கிரெடிட் அந்த ஐந்து கிழமைக்கும் தொடராது. முற்பணம் கேட்கலாம், வட்டி இல்லை, 24 மாதத்தில் கழிப்பார்கள். உங்களிடம் சேமிப்பு இருப்பதால் அதை எடுக்காமல் விடுவதே நல்லது. ஜொப் சென்டருக்கு (அரசாங்க வேலை அலுவலகத்துக்கு) ஒருமுறை உங்கள் இருவரையும் கூப்பிடுவார்கள். பிறகு உங்களை வேலை தேடச் சொல்லி விரட்டுவார்கள் என்ற பயம் வேண்டாம். வேலை தேடச் சொல்லாமல் விடுவதற்குத் தம்பதி சேர்ந்து உழைக்க வேண்டிய எல்லை 2024 மே 13 முதல் மாதம் 1,437 பவுண், உங்கள் கணவரின் மொத்தச் சம்பளம் அதைத் தாண்டுகிறது. சம்பளம் அந்த எல்லைக்கு மேலே இருக்கும்வரை அந்த நெருக்குதல் பெரிதாக வராது. வேலை போய் மூன்று மாதம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் நான் சொன்ன இடைவெளிப் பாதுகாப்பும் போய்விடும்.

இதை வாசிக்கும் வேறு சிலருக்கும் ஒரு வார்த்தை. பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்திலிருந்து அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்த எங்கள் குடும்பங்கள் பல. உங்களிடம் முழு செட்டில்ட் நிலை (நிரந்தர வதிவுரிமை) இல்லாமல் பிரீ-செட்டில்ட் (தற்காலிக வதிவுரிமை) மட்டும் இருந்தால், யூனிவர்சல் கிரெடிட்டுக்கு அது மட்டும் போதாது. வேலை போன்ற வேறு உரிமையும் காட்ட வேண்டும். ஆலோசனை எடுக்காமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது, தங்கச்சி. டாக்ஸ் கிரெடிட் புதுப்பிப்புப் படிவத்தை ஜூலை 31க்கு முன் முடியுங்கள். தபாலில் வரும் பழுப்பு உறைகளை நீங்களே திறவுங்கள், பிள்ளைகளிடம் கொடுத்து வைக்க வேண்டாம். மைக்ரேஷன் நோட்டீஸ் உங்களுக்கும் கணவருக்கும் தனித்தனியாக வரும், இருவரும் தனித்தனி ஒன்லைன் கணக்குத் திறந்து இணைக்க வேண்டும். ஆங்கிலம் தடையாக இருந்தால் தொலைபேசியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற ஆலோசனை அமைப்பின், விண்ணப்பிக்க உதவும் ஹெல்ப் டு கிளெய்ம் சேவையும் இலவசம். கடிதம் வந்த அன்றே கடைசித் திகதியையும், சீட்டுக் கூறும் நாளையும், வங்கி மீதியையும் எனக்கு எழுதுங்கள். எந்த நாளில் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம். பக்கத்து வீட்டு அக்காவிடம் அதுவரை, "கடிதம் வரட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள்.