பவர் எழுதுவதற்கு முன் அண்ணனிடம் பேசுங்கள்

சிங்கப்பூரிலிருந்து எழுதியிருக்கும் ஆச்சிக்கு,

அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, உங்கள் ஆத்தாவைக் கவனிப்பதில்லை, அண்ணன் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் நாலு பேர் முன்னால் உங்களைப் பேசிவிட்டார் என்பதெல்லாம் வருத்தம்தான், ஆனால் கோர்ட்டுக்கு அது தேவையில்லை. தேவகோட்டை வீட்டில் ஆத்தாவைப் பார்த்துக்கொள்ள மதுரையிலிருந்து ஒரு கேர் மேனேஜரைச் சம்பளத்துக்கு வைக்கிறீர்கள், பேங்க், மருந்துச் செலவு, வாடகை வசூலுக்கு அவர் பேரிலேயே ஆத்தாவிடம் பவர் (ஆத்தாவுக்குப் பதிலாகச் செயல்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். நடுவில் ஒரு வரி, சில நாள் ஆத்தா உங்களையே யாரென்று கேட்கிறார்களாம். விஷயமே அந்த வரிதான்.

1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் 201-வது பிரிவுப்படி, எழுதிக்கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தால் பவர் அதோடு முடிந்தது. சிங்கப்பூரில் எல்.பி.ஏ. (லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி) என்று ஒன்று இருக்கிறதே, அந்த மாதிரி நினைவு போன பிறகும் செல்லுகிற பவர் இங்கே கிடையாது. தெளிவாக இருக்கிற நாளில் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம், அன்று தெளிவாக இருந்தார்கள் என்று நாளைக்கு நிரூபிக்க வேண்டியது யார்?

என்னிடம் வருகிறவர்கள் மாட்டுவதும் இங்கேதான். சார்பதிவாளர் முன்னால் கைநாட்டு வைத்தாயிற்று என்ற தைரியத்தில் மேனேஜர் மூலம் பணம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், அப்புறம் ஒருநாள் கூடப் பிறந்தவர் பவர் தேதிக்கு முந்தைய நரம்பு டாக்டர் சீட்டோடு வந்து நிற்பார், எடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்பார், போலீசிலும் மோசடிப் புகார் கொடுப்பார். மேனேஜர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். பதில் சொல்ல மிஞ்சுவது நீங்கள்தான். பெட்டகச் சாவியையும் அவரிடம் கொடுக்காதீர்கள், ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு குறைந்தால் போதும், திருட்டுப் பழி உங்கள் தலையில்.

மேனேஜரை வைக்கப் பவரே தேவையில்லை. ஒப்பந்தத்தை உங்கள் பேரில் போட்டு, உங்கள் கணக்கிலிருந்தே சம்பளம் கொடுங்கள். ஆத்தாவின் பணத்தைத் தொட வேண்டுமென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் மனுப் போட்டுக் காப்பாளராக வேண்டும். அங்கே டாக்டர் அறிக்கைக்கு அடுத்தபடியாக மற்ற வாரிசுகளுக்குச் சம்மதமா என்றுதான் பார்ப்பார்கள். அண்ணன் ஆட்சேபித்தால் இழுக்கும், ஆத்தாவின் வயதுக்கு அவ்வளவு நாள் இல்லை.

ஆகவே நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். மாதாமாதம் கணக்குக் காட்டு, வீட்டில் கை வைக்காதே என்று அண்ணன் போட்டிருக்கும் நிபந்தனையில் அநியாயம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பிள்ளையார் நோன்புக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா, அப்போது சாமான் பட்டியல் எடுத்து இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள், அவர் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மனுவை அப்புறம் தயார் செய்யலாம்.