லை, லே: எதைக் கேட்டு எழுதுவது?

ஐயா,
அலுவலக மின்னஞ்சலில் ‘தி ஃபைல் வாஸ் லேயிங் ஆன் தி டேபிள்’ என்று எழுதினேன். மேலாளர் அதை ‘லையிங்’ என்று திருத்தினார். பிறகு அவரே ‘தி ஃபைல் லே தேர் ஆல் வீக்’ என்று எழுதியிருக்கிறார். எதுதான் சரி?
வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மேலாளர் எழுதிய இரண்டும் சரி. படுத்திருப்பதற்கும் கிடப்பதற்கும் ‘லை’. ஒன்றை எடுத்து வைப்பதற்கு ‘லே’. இதுவரை சிக்கலில்லை. ‘லை’யின் இறந்தகாலமும் ‘லே’ என்றே வருவதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. எழுத்தும் அதே எல்-ஏ-ஒய்தான்.

வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்: லை, லே, லெய்ன், லையிங். மற்றது லே, லெய்டு, லெய்டு, லேயிங். பொய் சொல்கிற ‘லை’ தனி. அதற்கு இறந்தகாலம் ‘லைடு’.

எழுதும்போது வினையிடம் ‘எதை?’ என்று கேளுங்கள். ‘ஷி லெய்டு தி பேபி ஆன் தி பெட்’: எதை? குழந்தையை. பதில் இருந்தால் லே குடும்பம். ‘தி பேபி லே ஆன் தி பெட்’: எதை என்றால் பதிலே இல்லை. ஆகவே இது லை குடும்பம், இறந்தகாலம். நாம் கிடந்தாள், கிடத்தினாள் என்று பிரிப்பது இதைத்தான். செயப்பாட்டு வினையில் மட்டும் கவனம் வேண்டும். ‘தி ஃபவுண்டேஷன் ஸ்டோன் வாஸ் லெய்டு’ என்பதில் நாட்டப்பட்ட கல்லே எழுவாயாக முன்னால் வந்துவிட்டது, லெய்டு சரி.

‘ஐ லெய்டு டவுன்’ என்று ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களுமே பேச்சில் சொல்வதுண்டு. ‘லே டவுன்’ என்று வேகமாகச் சொன்னால் காதில் அப்படித்தான் விழும். பேச்சில் பெரிதாக யாரும் கண்டுகொள்வதில்லை. தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அது பிழைதான்.

ரைஸ், ரெய்ஸ் இரண்டுக்கும் இதே கேள்வி போதும். விலை ஏறியது என்றால் ‘தி ப்ரைஸ் ரோஸ்’; கடைக்காரர் விலையை ஏற்றினார் என்றால் ‘ரெய்ஸ்டு தி ப்ரைஸ்’. ‘மை சாலரி ரெய்ஸ்டு’ என்று எழுதவே எழுதாதீர்கள். நிர்வாகம் ஏற்றிக் கொடுத்தது என்பதற்கு ‘வாஸ் ரெய்ஸ்டு’ வேண்டும்.

சிட், செட் ஜோடியில் மட்டும் இந்தக் கேள்வி பாதி தூரம்தான் வரும். தட்டை மேசையில் வைப்பது செட். ஆனால் சூரியன் மறைவதும், சிமெண்ட் இறுகுவதும் செட்தான். அங்கே ‘எதை’க்குப் பதில் கிடையாது, அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.